யேசுவடியான் வேலை

1

பினாங்கில் எங்கள் வீட்டு அலமாரிக் கதவு ஒன்று திறந்தாலும் கத்தும், மூடினாலும் கத்தும். போன ஞாயிற்றுக்கிழமை காலை என் பெண் லலிதாவுக்குப் பொறுக்கவில்லை. குளிக்கும் அறையிலிருந்து தேங்காயெண்ணெய்ச் சீசாவை எடுத்துவந்து, உள்ளங்கையில் கொஞ்சம் கவிழ்த்துக்கொண்டு, விரலால் தொட்டுத் தொட்டுக் கீலுக்கு விட்டாள். கதவு அடங்கியது. கையில் மிச்சமிருந்த எண்ணெயைத் தலையில் அழுந்தத் தேய்த்துக்கொண்டு, "இந்தக் கீல் யேசுவடியான் வேலைப்பா!" என்று சொல்லிச் சிரித்தாள்.

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். படித்த வரியையே மூன்று தடவை படித்தேன். பிறகு எழுந்து கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். என் மனைவி ஜானகி பின்னாலேயே வந்து, "என்ன பண்றது உங்களுக்கு? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?" என்று கேட்டாள்.

லலிதா செய்தது இரண்டு காரியம். எண்ணெய்க் கையைத் தலையில் துடைத்தாள். அந்தப் பேரைச் சொன்னாள். இரண்டையும் ஒரே சமயத்தில் பார்த்ததும் கேட்டதும்தான், பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் திருவனந்தபுரத்தில் நான் பண்ணின அயோக்கியத்தனம் முழுதாக எனக்கு விளங்கியது. பாதி முன்பே தெரியும். மீதிப் பாதி அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. அதைத்தான் எழுதப்போகிறேன். கடல் கடந்து இருக்கிறவன் எழுதுகிறான் என்றால் கப்பல், துறைமுகம், டுரியான் பழம் என்று ஊரில் இருக்கிற நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். இந்தத் தடவை அதெல்லாம் இல்லை, மன்னிக்க வேண்டும்.

லலிதா இங்கே பிறந்தவள். கான்வென்ட்டில் இங்கிலீஷ், கடைத்தெருவில் மலாய், வீட்டில் ஏதோ கொஞ்சம் தமிழ். மழை 'விழறது' என்பாள், விளக்கை 'மூடு' என்பாள். திருவனந்தபுரத்தைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவளுக்கு ஊரிலிருந்து நான் கொண்டுவந்து கொடுத்த சொத்து இந்த ஒரு சொல்தான். எது உருப்படியாக வேலை செய்யாவிட்டாலும் எங்கள் வீட்டில் அதற்கு 'யேசுவடியான் வேலை' என்று பேர். மை ஒழுகும் பேனா யேசுவடியான் வேலை. வேகாத பருப்பு யேசுவடியான் வேலை. பழக்கிவிட்டவன் நான்.

2

யேசுவடியான் ஒரு மனுஷர். ஆரியசாலையில் மொத்தக் கடைகளுக்குப் பின்னால் ஒரு ஓலைக் கொட்டகையில் மோட்டார் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். தெற்கே மார்த்தாண்டம் பக்கம் சொந்த ஊர், வேதக்காரக் குடும்பம். கொட்டகைத் தூணில் ஒரு ஆணி; அதில் ஒரு துணிப்பை; பைக்குள் ஒரு தமிழ் பைபிள். வேலை இல்லாதபோது அதை எடுத்து வாயசைத்துப் படித்துக்கொண்டிருப்பார். அன்றைக்கெல்லாம் நான் அவரை 'அவன்' என்றுதான் சொன்னேன், நேரில் 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இப்போது 'அவர்' என்று எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்குகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நான் வலியசாலை அக்ரகாரம். மராமத்து ஆபீஸில் குமாஸ்தா. குமாஸ்தாவுக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று நீங்கள் கேட்பீர்கள், தெருவே கேட்டது. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. இரண்டே பேர் உட்காரலாம். மேலே கூரை கிடையாது. நீண்ட மூக்கு, மூக்கின் குறுக்கே பெல்ட் மாதிரி ஒரு தோல்வார், புகைக்குழாய் வெளியே தெரிகிற மாதிரி விலாவோடு ஓடும். பின்பக்கம் கூம்பிப் போய் முடிந்திருக்கும், அதனால் தெருவில் அதற்குத் 'தோணி' என்று பேர். பத்துப் பன்னிரண்டு வருஷம் மலையில் அடிபட்ட வண்டி. டாக்டர்களும் வக்கீல்களும் புது மாடல் தேடியதால் அது என் கைக்கு எட்டியது. செய்த கம்பெனியின் பேர் வேண்டாம். அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

எனக்கு அதன்மேல் பைத்தியம். ஆபீஸில் நான் கட்டுகளை இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்குத் தள்ளுகிறவன். தோணியில் ஏறி உட்கார்ந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும்போது மட்டும் நான் யாரோ பெரிய ஆள். மழைக்காலத்தில் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற மாக்னெட்டோ நனைந்து உயிர்விடும். அதைக் கழற்றிக்கொண்டு வந்து வெந்நீர் அடுப்புப் பக்கத்தில் உலர வைப்பேன். ஜானகி தலையில் அடித்துக்கொள்வாள். வண்டியின் ஆசனம் தோல். அதில் அவள் உட்காரமாட்டேன் என்றாள். கம்பளிக்குத் தீட்டில்லை என்பதால் ஒரு கம்பளியை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல்தான் உட்காருவாள். நான் அவளைக் கேலி பண்ணுவேன். "நீ உன் பாட்டி காலத்து ஆளுடி" என்பேன்.

ஏனென்றால் நான் புதுக்காலத்து ஆள். ஆபீஸில் ஜாதி இல்லை, தீட்டு இல்லை என்று மேஜையைத் தட்டிப் பேசுகிறவன். யேசுவடியானின் கொட்டகையில் பெஞ்சில் உட்கார்ந்து அவர் வாங்கித் தரும் கோலி சோடாவைக் குடிப்பேன். தெருக்காரர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால் இன்னும் கொஞ்சம் நன்றாகத் தெரிகிற மாதிரி தூக்கிக் குடிப்பேன். சோடா மூடி வந்த சரக்கு, யார் கையும் உள்ளே படாது. அவர் டம்ளரில் டீ கொடுத்திருந்தால் என்ன பண்ணியிருப்பேன் என்று அவர் ஒரு நாளும் சோதித்துப் பார்க்கவில்லை.

3

கதைக்கு வருகிறேன். இந்தக் காலத்து வண்டிகளின் கிளட்ச் வேறு மாதிரி. தோணியில், எஞ்சினோடு சுழலும் இரும்புச் சக்கரத்தின் குழிக்குள், புனல் வடிவத்தில் இன்னொரு சக்கரம் போய் உட்காரும். அந்தப் புனலைச் சுற்றித் தோல்பட்டை வைத்து ஆணி அடித்திருக்கும். தோல் இரும்பைப் பிடித்தால் வண்டி நகரும். வழுக்கினால் எஞ்சின்தான் அலறும், வண்டி நகராது. தோல் காய்ந்து போனாலோ வெடுக்கென்று பிடித்து உட்கார்ந்திருப்பவனைத் தூக்கிப் போடும். அதனால் மாதம் ஒரு தடவை எண்ணெய் காட்டித் தோலைப் பதமாக வைத்திருக்க வேண்டும்.

தோணி என்னிடம் வந்தபோது தோல் மொத்தமாகத் தேய்ந்திருந்தது. யேசுவடியான் புதுத் தோல் வெட்டி, ஊறவைத்து, செப்பாணி அடித்து, மூன்று நாள் வேலை செய்தார். அப்படி ஒரு வேலையை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. ஆணித் தலை ஒன்றும் விரலுக்குத் தட்டாது. முடிந்ததும் ஒரு தகர டப்பாவைக் கையில் கொடுத்தார்.

"மாசம் ஒருக்கா இதுல ரெண்டு கரண்டி காட்டணும் சாமி. சாயந்திரம் காட்டி வச்சா காலைல பதமாயிரும். ஒண்ணு சொல்லுகேன், தப்பா நெனைக்காண்டாம். இது மாட்டுக் குளம்பக் காய்ச்சி எடுக்கிய எண்ணெயாக்கும். சாமிக்கு இது வேண்டாம்னா..."

"என்னை என்னன்னு நெனைச்சே யேசுவடியான்? நான் என்ன பஞ்சாங்கக்காரனா? குடு இப்படி!" என்று டப்பாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டேன். கொட்டகையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று சொன்னேன்.

"செரி சாமி" என்றார்.

டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன். அதற்குமேல் கால் வரவில்லை. பசு. பசுவின் குளம்பு. உள்ளே பூஜை அறையில் சாளக்கிராமம் இருக்கிறது. ஜானகி வாசலில் நின்று பார்த்து, டப்பாவில் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, "ஐயையோ, அதை உள்ளே கொண்டு வராதேங்கோ!" என்றாள். அவளைக் கேலி பண்ண அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. திரும்பி நடந்து கிள்ளியாற்றங்கரைக்குப் போய் டப்பாவைக் கவிழ்த்தேன். டப்பாவை மணல் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். முழுகிவிட்டு வீட்டுக்கு வந்தேன். பிறகு சமையலறைத் தேங்காயெண்ணெயை அந்த டப்பாவில் ஊற்றி வைத்துக்கொண்டேன். எண்ணெய் என்றால் எண்ணெய்தானே என்று நினைத்தேன். நம் ஊரில் எது கிறீச்சிட்டாலும் அதைத்தானே விடுகிறோம்.

"அவன்கிட்டயே வேற எண்ணெய் ஏதாவது கேக்கப்படாதோ?" என்றாள் ஜானகி.

"கேட்டா சிரிப்பான்" என்றேன்.

அவர் சிரித்திருக்க மாட்டார். அது எனக்கு அப்போதே தெரியும்.

4

இங்கே நிரந்தரமாக இருக்க வேண்டுமானால் இப்போது ஒரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். யுத்தம் முடிந்த பிறகு எதற்கெடுத்தாலும் படிவம். பிறந்த இடம் என்ற கட்டத்தில் திருவிதாங்கூர் என்று எழுதினேன். மேஜையில் இருந்த பையன் அதை இரண்டு தடவை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்த நாடு?" என்றான். இந்தியா என்றேன். "அப்படியானால் இந்தியா என்றே எழுதலாமே" என்று அலுத்துக்கொண்டான். நான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த காலத்தில் இதே அலுப்போடு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்!

படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி. விண்ணப்பக்காரரின் நடத்தையை நன்கு அறிந்த, உறவினர் அல்லாத இருவரின் பேரும் விலாசமும் கேட்டிருந்தார்கள். முதல் வரியில் என் கம்பெனி மானேஜரின் பேரை எழுதினேன். படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து இரண்டாவது வரிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

5

முதல் தோல் மூன்று மாதத்தில் வழுக்க ஆரம்பித்தது. யேசுவடியான் கழற்றிப் பார்த்துவிட்டு, டப்பா எண்ணெயைத்தானே காட்டினீர் என்று கேட்டார், ஆமாம் என்றேன்; என் பேச்சை நம்பி, மேற்கொண்டு சோதிக்காமல், தோல் சரியில்லை போலிருக்கிறது என்றார். வேறு தோல் வாங்க அவரே ரயிலேறித் திருநெல்வேலிப் பக்கம் போய் வந்தார். இரண்டாவது தோலுக்குக் கூலி வாங்கமாட்டேன் என்றார். "எனக்க வேலைக்கு நான் கூலி வாங்கியாச்சு சாமி. அது நிக்கல்லன்னா அது எனக்க கொறை" என்றார். நான் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினேன். அந்தத் தோலுக்கும் தேங்காயெண்ணெய்தான் காட்டினேன். முதல் தடவை பொய் சொன்னவனுக்கு இரண்டாவது தடவை நிஜத்தைச் சொல்ல வழி ஏது?

அதுவும் வழுக்க ஆரம்பித்தது. அந்தச் சமயத்தில்தான் பினாங்கில் வேலை கிடைக்கும் என்று என் மைத்துனன் சொன்னான். வண்டியை விற்க முடிவு செய்தேன். யேசுவடியானிடம் சொன்னபோது, "விக்கதுக்கு முன்னாடி ஒருக்கா கொண்டு வாரும். கழுவி, நானே எண்ணெய் காட்டித் தாறேன்" என்றார். ஊரில் அவர் வழக்கம் அது. அவர் பார்த்த வண்டியை யார் விற்றாலும், வாங்குகிறவரை உட்கார வைத்து, இது நல்லாயிருக்கு, இது போகும், இது இன்னும் ஆறு மாசம் என்று குறையெல்லாம் சொல்லிவிடுவார். விற்கிறவர் முறைத்தாலும் கவலைப்படமாட்டார். 'யேசுவடியான் பாத்த வண்டி' என்றால் சாலைக் கடைத்தெருவில் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

நான் கொண்டுபோகவில்லை. கழற்றிக் கழுவினால் என் குட்டு வெளிப்பட்டுவிடுமே.

வாங்க வந்தவர் வேலப்பன் பிள்ளை, போனக்காட்டுத் தோட்டத்தின் ஹெட்கிளார்க். வெள்ளைக்காரர் காலத்திலேயே தோணிமேல் கண் வைத்தவர். மறுநாள் காலை ஓட்டிப் பார்க்க வருவதாகச் சொன்னார். ஏற்றத்தில் வழுக்கினால் தொலைந்தேன். எண்ணெயை இழுக்க ஏதாவது பொடி போட வேண்டும் என்று நான் யோசித்தேன். யோசித்தவன் கைக்கு எது வந்தது தெரியுமா? பூஜை அறைச் சம்புடத்து விபூதி. கால் வைக்கும் பலகையைத் தூக்கிவிட்டு, தோல்மேல் இரண்டு கை விபூதி தூவினேன். மாட்டுக் குளம்பு கூடாதென்று ஆற்றில் கொட்டினவன், மாட்டுச் சாணச் சாம்பலை அள்ளிக் கொட்டினேன். தூவும்போது வாய் பழக்கத்தில் 'சிவ சிவா' என்றுகூடச் சொன்னது.

நான் நினைத்தது மாதிரியே நடந்தது. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, ஸ்டாச்சு ஏற்றத்தில் வேலப்பன் பிள்ளை அழுத்தினார். தோணி புது வண்டி மாதிரி பாய்ந்து ஏறியது.

"கொள்ளாம்! கிளட்ச் ஆருக்க வேலை சாமி?"

"யேசுவடியான் கை."

"அப்போ பின்னே ஒண்ணும் நோக்கண்டா" என்று அங்கேயே விலையை முடித்துக் கையைக் கொடுத்துவிட்டார்.

6

நாலாம் நாள் வேலப்பன் பிள்ளை ஆபீஸ் வாசலுக்கே வந்து என்னைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆரியசாலைக்கு அழைத்துப் போனார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் கட்டியிருந்தார். கால் முழுக்க அட்டை கடித்த புண். பின்னாலேயே ஒரு ஜோடி மாடு பூட்டித் தோணியை இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

"ஓய் யேசுவடியான்! மலை ரோட்டு வளவுல வச்சு எஞ்சின் அலறுது, வண்டி அனங்கல்ல! சக்கரத்துக்குக் கல்லு வச்சிட்டு ஏழு மைல் நடந்தேன், மழையில! எனக்க காலப் பாரும்! இதா உமக்க கைவேலை?"

மொத்தக் கடைச் சுமைக்காரர்கள், வண்டிக்காரர்கள், இரண்டு மூன்று கடை முதலாளிகள் எல்லாம் கூடிவிட்டார்கள். யேசுவடியான் கீழே படுத்துக் கழற்ற ஆரம்பித்தார். நான் விலகி நின்றேன். தோல்பட்டை வெளியே வந்தது. மேலே வெள்ளையும் கறுப்புமாக ஒரு கசடு.

"இது எந்தா வெள்ளை?" என்றார் வேலப்பன் பிள்ளை.

யேசுவடியான் அதைத் துணியால் ஒற்றி எடுத்தார். தோலின் ஒரு முனையை நெம்பிப் பிரித்து அடிப்பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்தினார். எண்ணெய் கசிந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அந்தக் கையைத் தலையில் தேய்த்துத் துடைத்துக்கொண்டார்.

"தோலு கரிஞ்ச சாம்பலாக்கும் சாறே" என்றார். "எனக்க தப்புதான். பதம் பாக்காம வெட்டிட்டேன். புதுசு போட்டுத் தாறேன், காசு வேண்டாம், நானே மலைக்கு ஓட்டிக் கொண்டு விடுகேன்."

"இனி எனக்க வண்டியத் தொடண்டா!" என்று கத்திவிட்டு வேலப்பன் பிள்ளை மாடுகளைத் திருப்பச் சொன்னார்.

கூட்டம் கலைந்தது. யேசுவடியான் என்னைப் பார்த்து, "சோடா குடிச்சிட்டுப் போறியளா சாமி?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். தப்பித்தோம் என்று இருந்தது. விபூதியைத் தோல் சாம்பல் என்று நம்புகிறான், இவனும் ஒரு மெக்கானிக்கா என்று நடந்து வரும்போதே என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் ஆபீஸில் வண்டி விஷயத்தைக் கேட்டார்கள். "யேசுவடியான் வேலை, வேற எப்படி இருக்கும்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அன்று சாயந்திரமே பேனா எழுதாதபோது யாரோ அதையே சொன்னார்கள், மறுபடி சிரிப்பு. நான் கப்பலேறுவதற்குள் அந்தச் சொல் ஆபீஸைத் தாண்டிச் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்விட்டது. தோட்டத்து வண்டிகள் கொட்டகைக்கு வருவது நின்றுபோனது. டாக்டர் ஒருவர் தன் காரை வேறு இடத்துக்குக் கொண்டுபோனார். எல்லாம் எனக்குத் தெரிந்தே நடந்தது.

7

பினாங்கு வந்து இரண்டு வருஷம் கழித்து, ஒரு சீனர் பட்டறையில் பழைய தீயணைப்பு வண்டி ஒன்றை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார்கள். அதே மாதிரித் தோல் கிளட்ச். சீனர் அதற்கு ஒரு சீசாவிலிருந்து எண்ணெய் காட்டினார். வாசனை பழகின வாசனை. கேட்டால், விளக்கெண்ணெய்! குளம்பெண்ணெய்க்குப் பதிலாக அதைத்தான் பாதிப் பேர் போடுகிறார்களாம். தேங்காயெண்ணெய் போட்டால் தோல் வழுக்குமாம். 'சாமிக்கு இது வேண்டாம்னா...' என்று நான் வெட்டிவிட்ட வாக்கியத்தின் மிச்சம் அதுதான். ஜானகி கைக்குழந்தைக்கு வயிற்றில் தடவுகிற விளக்கெண்ணெய். ஒரு மூச்சு பொறுத்திருந்தால் கையில் வந்திருக்கும்.

அன்றைக்கும் வெட்கப்பட்டேன். ஆனால் அதில் எனக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அவருக்குத் தெரியாது, தன் வேலைதான் கெட்டது என்று நம்பிவிட்டார், பாவம், என்று பரிதாபப்பட்டுக்கொண்டே காலத்தை ஓட்டினேன். பரிதாபப்படுவது சுலபம். பட்டுக்கொண்டே வீட்டில் அந்தச் சொல்லையும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

லலிதா கையைத் தலையில் துடைத்தபோதுதான் மண்டையில் உறைத்தது. யேசுவடியான் கையை எப்போதும் பஞ்சுக் கழிவில்தான் துடைப்பார். எஞ்சின் எண்ணெயோ குளம்பெண்ணெயோ எவன் தலையில் தேய்த்துக்கொள்வான்? நம் ஊர்க்காரன் தலையில் தேய்ப்பது ஒரே ஒரு எண்ணெயைத்தான். மோந்து பார்த்த அந்த நொடியில் அவருக்குத் தெரிந்துவிட்டது. கை தன் பாட்டில் தலைக்குப் போய்விட்டது. தேங்காயெண்ணெயை மோந்து அறிந்தவருக்கு, என் நெற்றியில் இருக்கிற அதே விபூதியைத் தெரியாதா? முழுக்கத் தெரிந்துகொண்டு, அத்தனை பேர் முன்னால், 'எனக்க தப்புதான்' என்றார்.

ஏன் சொன்னார்? என்மேல் கருணை என்று எழுதிவிட்டால் படிக்க நன்றாக இருக்கும், எனக்கும் வசதி. ஆனால் நான் அப்படி நினைக்கவில்லை. எனக்கு எதிராக அவர் பேசியிருந்தால் அந்தக் கூட்டத்தில் யார் நம்பியிருப்பார்கள்? ஒரு பக்கம் சர்க்கார் குமாஸ்தா, நெற்றியில் பட்டை. இன்னொரு பக்கம் கொட்டகைக்காரர். 'ஐயர் பொய் சொன்னார்' என்று சொன்ன குற்றமும் அவர் தலையில்தான் விழுந்திருக்கும். கணக்கை அவர் ஒரு நொடியில் போட்டுப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். சோடா குடிக்கிறாயா என்று என்னைக் கேட்டபோது மட்டும், நானாக ஏதாவது சொல்கிறேனா என்று ஒரு வாய்ப்புக் கொடுத்தாரோ என்னவோ. குடித்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

8

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது லலிதாவிடம் சொன்னேன், இனிமேல் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்று.

"ஏன்? அது கெட்ட வார்த்தையா?"

"அது ஒருத்தர் பேரு."

"ஆளா!" என்று அவள் கையிலிருந்த கவளத்தைத் தட்டில் போட்டாள். "யேசுவடியான்னா ஒரு ஆளா? நெஜமா இருந்தாரா?"

எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, ஆறு, விபூதி, ஒன்றையும் விடவில்லை. ஜானகி தலை நிமிராமல் பரிமாறிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வருஷமாக அவளுக்கும் தெரிந்த விஷயம்தான். ஒரு தடவைகூட என்னைக் குத்திக்காட்டவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

"வேற எண்ணெய் இருக்கான்னு நீ ஏன்ப்பா கேக்கலை?" என்றாள் லலிதா.

"வெக்கமா இருந்தது."

"பொய் சொல்றதுக்கு வெக்கமா இல்லையா?"

"லலிதா!" என்றாள் ஜானகி.

"கேக்கட்டும், விடு" என்றேன்.

மறுநாள் படிவத்தில் இரண்டாவது வரியை நிரப்பினேன். பேர், யேசுவடியான். தொழில், மோட்டார் மெக்கானிக். என் நடத்தையை அவரைவிட நன்றாக அறிந்தவர் உலகத்தில் யார் இருக்கிறார்கள்? விலாசம் என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது வெங்காய மண்டி என்று யுத்தத்துக்கு முன்பே ஊரிலிருந்து மைத்துனன் எழுதியிருந்தான். ஆள் தெற்கே போய்விட்டதாகக் கேள்வி, எந்த ஊர் என்று தெரியாதாம். விலாசத்தைக் காலியாக விட்டே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பையன் பார்த்துவிட்டு, "விலாசம் இல்லாத ஆள் செல்லாது" என்று சிவப்பு மையால் அந்தப் பேரைக் குறுக்கே அடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

ஆகவே ஊரில் இருக்கிற உங்களைக் கேட்கிறேன். மார்த்தாண்டம் பக்கம் யாருக்காவது அவரைத் தெரிந்திருந்தால் இந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள். தமிழ் நன்றாக வாசிப்பார். திருவனந்தபுரத்தில் இன்னும் யாராவது 'யேசுவடியான் வேலை' என்று சொல்லிச் சிரித்தால், அவர்களிடம் சொல்லுங்கள். தோல் நல்ல தோல். வெட்டின பதமும் சரி, அடித்த ஆணியும் சரி. எண்ணெய் தேங்காயெண்ணெய், சாம்பல் விபூதி. இரண்டையும் போட்டவன் வலியசாலை சுந்தரம். அந்தச் சொல்லைச் சொல்லி முதலில் சிரிக்க வைத்தவனும் அவன்தான்.